பதிவேட்டில் இல்லாத புயல்

2025 மே மாத இறுதியில் 'தாரிணி' என்ற கடற்படைப் பாய்மரப் படகு கோவா திரும்பியது. அதில் இருந்தவர்கள் இரண்டே பெண்கள்: கோழிக்கோட்டின் தில்னா, புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி. எட்டு மாதங்களில் உலகைச் சுற்றி வந்திருந்தார்கள். தென்கடலின் புயல்களை அவர்கள் கடந்த கதையைப் படித்துப் பெருமைப்பட்டோம். ஆனால் நம் பெண்கள் பாய்விரித்துப் பெருங்கடலைக் கடந்தது இது முதல்முறை அல்ல.

சேலம் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. அன்று அதன் தாலுகாவாக இருந்த நாமக்கல்லில், ஒரு பெண் பார்த்திருக்கக்கூடிய பெரிய நீர் ஆடிப்பெருக்கின் காவிரிதான். 1876-78 தாது வருடப் பஞ்சம் இந்தச் சமவெளியைக் காலியாக்கியது. 1871இல் 20 லட்சத்தை நெருங்கியிருந்த மாவட்டத்தின் மக்கள்தொகை, 1881இல் 16 லட்சமாகச் சரிந்தது. செத்தவர்கள் போக, மிஞ்சியவர்களில் சிலர் ஆள்பிடிப்பவர்களின் பேச்சை நம்பிச் சென்னைத் துறைமுகம் போனார்கள். அங்கிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட முதல் கப்பல் 'ட்ரூரோ'. 1911 வரை 1,52,184 பேர் நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தொடக்க காலத்தில் பாய்மரக் கப்பல்களும் ஓடின. 100 ஆண்களுக்கு 40 பெண்களை ஏற்ற வேண்டும் என்று விதி வந்தது. விதவைகளும் கைவிடப்பட்டவர்களும் கணவனுடன் வந்தவர்களும் அந்த 40க்குள் எண்ணிக்கையானார்கள்.

கடல் கொந்தளித்தால் மேல்தளத்தின் கதவுகளை அடைத்துவிடுவார்கள். கீழே இருட்டு, வாந்தி, குழந்தைகளின் அழுகை. அடுப்பு மூட்ட முடியாத நாட்களில் சோறு இல்லை, அவலும் பிஸ்கட்டும்தான். பாய் இறக்குவதா, திசை திருப்புவதா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. சுக்கான் பிடித்த தில்னாவுக்கும் ரூபாவுக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு அதுதான், துணிச்சலில் அல்ல.

கரை சேர்ந்த பிறகு தோட்ட முதலாளிகள் இவர்களை 'ஒழுக்கம் கெட்டவர்கள்' என்றார்கள். ஒப்பந்தமுறையை எதிர்த்த நம் தேசியவாதிகளில் பலரும் பெண்களின் கற்பைப் பற்றிப் பேசிய அளவுக்கு அவர்களின் கூலியைப் பற்றிப் பேசவில்லை. இரு தரப்பும் அவர்களைப் பயணிகளாகப் பார்க்கவில்லை.

நேட்டால் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, உடல் அடையாளம் எனக் கட்டங்கள் உண்டு. தழும்பைக்கூட எழுதினார்கள். ஏன் கிளம்பினாய், புயலில் யார் கையைப் பிடித்துக்கொண்டாய் என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. தாரிணியின் கதையைச் சொல்ல அதன் பெண்களே வந்துவிட்டார்கள். சேலம் ஜில்லா என்ற ஒற்றை வரியோடு நின்றுபோன பெண்களின் பயணத்தை, அந்தக் கட்டங்களுக்கு வெளியே தேடி எழுத வேண்டியவர்கள் நாம்தான்.