காரீயம் கடந்த வழி

கொட்டாஞ்சேனை வீடொன்றின் மூலையிலே பல்லாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்த மின்சூளைத் திறந்து பார்ப்போர் ஓர் உண்மையைக் காணலாம். உள்ளிருந்த உலர்மின்கலத்தின் நாகக் கூடு அரிபட்டு உருக்குலைந்திருக்கும். கசிந்த நீர் பட்டு அயலிலுள்ள தகடுகளும் பழுதாகியிருக்கும். ஆனால், மின்கலத்தின் நடுவே நிற்கும் கரிக்கோல் மட்டும் செய்த நாளில் இருந்தவாறே இருக்கும். வெள்ளவத்தையிலே கடற்காற்று இரும்புக் கம்பியையும் ஆணியையும் தின்றுவிடுகின்றது. கரியை அது தீண்டுவதில்லை.

மின்னைக் கடத்தவும் வேண்டும், அரிப்புக்கு இடங்கொடுத்தலும் ஆகாது என்னும் இரு நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவேற்றும் பொருள்கள் சிலவே. பொன்னும் பிளாற்றினமும் அத்தகையன. ஆயினும் அவற்றின் விலை எல்லோர்க்கும் எட்டுவதன்று. அவ்விரு பண்புகளையும் மலிவாகத் தரும் கரியபொருள் காரீயம். அதன் வரலாற்றிலே இலங்கைக்கும், சிறப்பாகக் கொழும்பு நகருக்கும், பெரும் பங்கு உண்டு.

சிங்களத்தில் 'மினிரன்' எனப்படும் இக்கனிப்பொருளில், பெயரில் இருக்கும் ஈயம் சற்றேனும் இல்லை. ஆங்கிலேயர் முன்னர் வழங்கிய 'பிளம்பாகோ' என்னும் பெயரும் ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்ததே. 1779 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் ஷேலே, இது காபனின் ஒரு வடிவமே என்று காட்டினார். இதில் காபன் அணுக்கள் தாள்மேல் தாளாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் அணுவும் அயலிலுள்ள மூன்று அணுக்களோடு பிணைய, எஞ்சிய இலத்திரன் தாள் முழுவதும் உலவித் திரிகின்றது. மின்னைச் சுமப்பது அவ்விலத்திரனே. ஒளியை விழுங்கிக் காரீயத்துக்குக் கருநிறம் அளிப்பதும் அதுவே.

பிற நாடுகளில் காரீயம் பெரும்பாலும் பாறையிடையே சிதறிய செதிலாகவோ மண்போன்ற தூளாகவோ கிடைக்கின்றது. இலங்கையிலோ அது பாறைப் பிளவுகளில் நரம்புபோல் ஓடுகின்றது. உயர்தரக் கட்டிகளில் நூற்றுக்கு 95 பங்கிற்கு மேற்பட்டது தூய காபன். கேகாலைப் பகுதியிலுள்ள போகல, குருநாகற் பகுதியிலுள்ள கஹட்டகஹ முதலிய சுரங்கங்களிலிருந்து எடுக்கப்பட்ட காரீயம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கொழும்புத் துறைமுகம் வழியாகக் கடல் கடந்தது. இலண்டன் பட்டர்சீயில் இருந்த மோர்கன் நிறுவனமும், அமெரிக்காவின் ஜேர்சி நகரத்து டிக்சன் நிறுவனமும் உலோகம் உருக்கும் மூசைகளை இதனாற் செய்தன.

சுரங்கத்திலிருந்து வந்த காரீயம் நேரே கப்பலேறவில்லை. கொழும்பு நகரின் முற்றங்களிலே அது மீண்டும் தரம் பிரிக்கப்பட்டது. சிறு கோடரியாற் கொத்திக் கல்லை நீக்குதல், ஈரச் சாக்கிலும் பலகையிலும் தேய்த்து மெருகேற்றுதல், சல்லடையில் அரித்தல், கட்டி, சில்லு, தூள் என வகுத்தல், பீப்பாயில் அடைத்தல் ஆகிய வேலைகள் அங்கு நடைபெற்றன. தரம் பிரித்தோருட் பெரும்பாலார் பெண்களே. கண்ணால் மினுக்கத்தையும் விரலால் வழுவழுப்பையும் அளந்து விலையை வேறுபடுத்திய திறன் அவர்களுடையது. முகமெல்லாம் கரிபடிய உழைத்த அப்பெண்களின் பெயர்கள் எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் இடம்பெறவில்லை.

முதலாம் உலகப்போர்க் காலத்தில் வெடிமருந்துத் தொழிலுக்கு வேண்டிய பித்தளையையும் உருக்கையும் உருக்க மூசைகள் மிகுதியாகத் தேவைப்பட்டன. 1916 ஆம் ஆண்டில் இலங்கையின் ஏற்றுமதி ஏறத்தாழ 33,000 தொன் என்னும் உச்சத்தை எட்டியது. போர் ஓய்ந்ததும் வாணிகமும் சரிந்தது. மடகாஸ்கார் தீவின் மலிவான செதிற்காரீயம் ஒருபுறம் போட்டியிட்டது. மறுபுறம், அமெரிக்கரான எட்வேட் அச்சிசன் 1896 ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற முறையினால், நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்வலுவைக்கொண்டு நிலக்கரிக் கற்கரியிலிருந்து செயற்கைக் காரீயம் ஆக்கப்பட்டது. மின்வாய்த் தொழிலைப் பெரும்பாலும் அதுவே கைப்பற்றிக்கொண்டது.

அச்சிசன் அத்துடன் நின்றாரில்லை. எகிப்தியர் செங்கல் செய்யக் களிமண்ணில் வைக்கோல் கலந்தனர் என்னும் பழைய வேதாகமச் செய்தி அவர் சிந்தையைத் தூண்டிற்று. தாவரச்சாறு களிமண்ணை நுண்ணிதாகப் பிரிக்கும் எனக் கண்ட அவர், தனின் என்னும் துவர்ப்பொருளைக் காரீயத் தூளுடன் சேர்த்துப் பார்த்தார். 1906 ஆம் ஆண்டளவில், நீரில் அடியிற் படியாது மிதக்கும் மிகநுண்ணிய காரீயக் குழம்பு கிடைத்தது. அதுவே 'அக்குவாடாக்'. தூரிகையாற் பூசி உலர்த்தினால், எப்பரப்பும் மின்கடத்தும் கரும்பரப்பாகிவிடும்.

இக்குழம்பின் பெரும் பயன் பின்னர் தொலைக்காட்சிப் பெட்டியிலே வெளிப்பட்டது. கதோட்டுக் கதிர்க் குழாயின் கண்ணாடிப் புனலின் உட்புறத்திலே இது பூசப்பட்டது. பல்லாயிரம் உவோற்று அழுத்தமுடைய நேர்மின்வாயாக அது அமைந்தது. திரையிலே மோதித் தெறித்த இலத்திரன்களைத் திரும்பப் பெற்றது. கருநிறத்தால் உள்ளே சிதறும் ஒளியையும் அடக்கியது. வெளிப்புறப் பூச்சு புவியோடு இணைக்கப்பட, இரண்டிற்கும் இடைப்பட்ட கண்ணாடி மின்னேற்றத்தைத் தேக்கி வைத்தது. 1979 ஆம் ஆண்டில் இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. 1982 ஆம் ஆண்டில் ரூபவாஹினி பிறந்தது. அக்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அயலவரெல்லாம் கூடிப் பார்த்த பெட்டிகளினுள்ளே இருந்தது இத்தகைய கரும்பூச்சே. காரீயத்தை உலகுக்கு அளித்த தீவு, காரீயம் பூசிய குழாயை விலைகொடுத்து வாங்கியது. அப்பூச்சின் பிறப்போ, இத்தீவின் காரீயத்தை நாடாத மின்னுலையிலே நிகழ்ந்தது.

கண்ணாடிக் குழாய்களின் காலம் கடந்துவிட்டது. ஆயினும் கரும்பூச்சின் காலம் கடக்கவில்லை. கைத்தொலைபேசியின் இலித்தியம் மின்கலத்திலே, மெல்லிய செப்புத் தகட்டின்மேற் பூசப்பட்ட காரீயமே எதிர்மின்வாயாகப் பணிபுரிகின்றது. காரீயத்தின் ஒற்றைத் தாளாகிய கிராபீன் 2004 ஆம் ஆண்டில் தனித்துப் பிரிக்கப்பட்டது. கொழும்பை அடுத்த ஹோமாகமவில் உள்ள இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனம், உள்ளூர்க் காரீயத்திலிருந்து அதனைப் பெறும் முறைகளில் ஈடுபட்டது.

ஒரு நூற்றாண்டு வாணிகம் புகட்டும் பாடம் எளிதானது. கட்டியாக விற்ற காரீயத்துக்குக் கட்டியின் விலையே கிடைத்தது. அதைக் குழம்பாகவும் பூச்சாகவும் மாற்றத் தெரிந்தவர்க்கே பெரும்பயன் சேர்ந்தது. கொழும்பு முற்றங்களிற் பெண்கள் விரல்நுனியிற் பெற்ற அறிவு, ஆய்வுகூடத்தை எட்டுமுன் அறுந்துபோயிற்று. அவ்விழையை மீண்டும் முடிவது இத்தலைமுறையின் கடனாகும்.