ஒரே சிப், இரண்டு விலை: கையில் காசில்லாத கேமர்களின் ப்ராசஸர் வரலாறு

1998 ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் தன் புது ப்ராசஸர்களை வெளியிட்டது. அதில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2, மொத்தக் கொள்முதல் விலை 669 டாலர். இன்னொன்று 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ, விலை 149 டாலர். முதலாவது காசுள்ளவர்களுக்கு, இரண்டாவது இல்லாதவர்களுக்கு. இன்டெல் போட்ட கணக்கு அதுதான்.

கேமர்கள் வேறு கணக்கு போட்டார்கள். 149 டாலர் சிப்பை வாங்கி, 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். நான்கில் ஒரு பங்கு விலைக்கும் குறைவாகக் கொடுத்து, கேம்களில் கிட்டத்தட்ட அதே வேகத்தைப் பெற்றார்கள்.

இது எப்படி முடிந்தது? ப்ராசஸரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். மதர்போர்டு ஒரு தாளத்தைக் கொடுக்கும், ப்ராசஸர் அதைத் தனக்குள் இத்தனை மடங்கு என்று பெருக்கிக்கொள்ளும். 300ஏ-வின் மடங்கு நாலரை. அதை மாற்ற முடியாதபடி இன்டெல் பூட்டியிருந்தது. ஆனால் தாளம் மதர்போர்டின் கையில் இருந்தது. 66 என்று கொடுத்தால் 300 வரும், 100 என்று கொடுத்தால் 450 வரும். அதே வருடம் வந்திருந்த 440பிஎக்ஸ் சிப்செட் 100-ஐ முறைப்படியே கொடுக்கும். அதிலும், தாளத்தை 100 ஆக்கினாலும் மற்ற கார்டுகளுக்குப் போகும் வேகத்தை வகுத்து அதன் பழைய அளவிலேயே வைத்திருக்கும். அதனால் கம்ப்யூட்டரின் மற்ற பாகங்கள் பாதிக்கப்படவில்லை. தாளத்தை மாற்றும் வசதி இல்லாத சில போர்டுகளில், ப்ராசஸரின் பி21 என்ற ஒரு முனையின் மேல் சின்ன டேப் துண்டு ஒட்டினால் போர்டு தானாகவே 100-க்குப் போய்விடும். அவ்வளவுதான் செலவு.

இன்னொரு வேடிக்கை கேஷில் இருந்தது. ப்ராசஸர் அடிக்கடி கேட்கும் விவரங்களைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் சின்ன நினைவகம்தான் கேஷ். பென்டியம் 2-இல் அது 512 கிலோபைட், ஆனால் தனிச் சிப்பில் இருந்ததால் ப்ராசஸரின் பாதி வேகத்தில் ஓடியது. செலரானில் 128 கிலோபைட்தான், ஆனால் ப்ராசஸரோடு ஒரே சிலிக்கானில் இருந்ததால் முழு வேகம். அந்தக் காலத்துக் கேம்களில் இரண்டும் பெரும்பாலும் சமமாகவே வந்தன. மலிவான சரக்கில் தெரியாமல் ஒரு நல்ல பொறியியல் சேர்ந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கே நாம் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சிப்பின் மேல் அச்சடித்திருக்கும் எண் முழுக்க முழுக்க இயற்பியல் கிடையாது. அதில் பாதி இயற்பியல், பாதி வியாபாரம். ஒரே தொழிற்சாலை, ஒரே உற்பத்தி முறை. சிப் வெளியே வந்த பிறகு, எந்தெந்தச் சந்தையில் எவ்வளவு தேவை என்று பார்த்து எண் போடுகிறார்கள். சந்தைக்கு மலிவு சிப் நிறைய வேண்டுமென்றால், நல்ல சிப்பும் மலிவு எண்ணோடு வெளியே போகும். சிலிக்கானுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் காசில்லாத கேமர்கள் முப்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள்.

செலரான் இதில் முதல் கதை இல்லை. 1991-க்குப் போவோம். இன்டெல் 486எஸ்எக்ஸ் என்று ஒரு மலிவு ப்ராசஸரை வெளியிட்டது. முதலில் வந்த எஸ்எக்ஸ் சிப்களுக்குள் இருந்தது விலை கூடிய 486டிஎக்ஸ்தான். தசம எண் கணக்குப் போடும் கணித அலகை மட்டும் முடக்கியிருந்தார்கள். பிறகு கணித அலகு தேவைப்பட்டால்? 487எஸ்எக்ஸ் என்று இன்னொரு சிப்பை விற்றார்கள். பெயரைப் பார்த்தால் துணைச் சிப் மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு முழு 486. அதைச் செருகியதும் பழைய எஸ்எக்ஸ் சும்மா உட்கார்ந்துவிடும், எல்லா வேலையையும் புதியதே பார்க்கும்!

1993-இல் வந்த டூம் விளையாட்டுக்கு இதெல்லாம் பிரச்சினையே இல்லை. ஜான் கார்மாக் அதை முழு எண் கணக்கிலேயே எழுதியிருந்தார். எஸ்எக்ஸ் வைத்திருந்தவர்களும் சந்தோஷமாகச் சுட்டுத் தள்ளினார்கள். 1996-இல் குவேக் வந்ததும் நிலைமை தலைகீழானது. அந்த விளையாட்டுக்குக் கணித அலகு கட்டாயம். பென்டியமில் கணித அலகு ஒரு வகுத்தலைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, முழு எண் பகுதி திரையில் புள்ளிகளை வரைந்துகொண்டிருக்கும். கார்மாக்கும் மைக்கேல் ஆப்ராஷும் அந்த ஒத்திசைவை நம்பித்தான் வரையும் பகுதியை எழுதினார்கள். ஆபீஸ் வேலையில் பென்டியமுக்கு ஈடுகொடுத்த, விலை குறைந்த சைரிக்ஸ் 6எக்ஸ்86 ப்ராசஸரும் குவேக்கில் வந்து திணறியது. ஒரே ஒரு விளையாட்டு, எது நல்ல ப்ராசஸர் என்ற வரையறையையே மாற்றிவிட்டது.

மறுபடி முன்னால் வருவோம். செலரானில் கேமர்களுக்குக் கைகொடுத்தது இன்டெல் விட்டுவைத்த வழி. 2000-இல் அதே மாதிரி ஒரு வழி ஏஎம்டியிடம் கிடைத்தது. அத்லான், டூரான் சிப்களின் மேல்பரப்பில் எல்1 என்று குட்டிக் குட்டியாக இணைப்புகள் இருந்தன. அவை துண்டிக்கப்பட்டிருந்தால் மடங்கு எண் பூட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பது பள்ளிக்கூடப் பாடம். சாதாரணப் பென்சிலால் அந்த இடைவெளியைத் தேய்த்தார்கள், பூட்டு திறந்துகொண்டது. அடுத்த வருடம் வந்த அத்லான் எக்ஸ்பியில் அந்த இணைப்புகளை லேசரால் குழியாகவே வெட்டிவிட்டார்கள், பென்சில் பலிக்கவில்லை. அதற்கும் ஆட்கள் இருந்தார்கள். குழியைப் பசையால் நிரப்பி, மேலே மின்கடத்தும் வெள்ளி மசியால் கோடு இழுத்தார்கள்.

2009-இல் ஏஎம்டி ஃபீனம் 2 எக்ஸ்2 550 என்ற இரண்டு கோர் சிப்பை விற்றது. உள்ளே இருந்தது நான்கு கோர், இரண்டை முடக்கியிருந்தார்கள். சில மதர்போர்டுகளின் பயோஸில் ஒரு அமைப்பை மாற்றினால் தூங்கிக்கொண்டிருந்த இரண்டும் எழுந்துவிடும். எல்லாச் சிப்பிலும் அல்ல. சில கோர்கள் உண்மையிலேயே பழுதானதால் முடக்கப்பட்டவை. லாட்டரிதான், ஆனால் டிக்கெட் விலை குறைவு.

இன்டெல் 2010-இல் எடுத்த முடிவு இன்னும் சுவாரசியம். பூட்டை உடைக்கிறீர்களா, சாவியை நாங்களே விற்கிறோம் என்ற மாதிரி! பென்டியம் ஜி6951 வைத்திருப்பவர்கள் 50 டாலருக்கு ஒரு கார்டு வாங்கி, அதிலுள்ள குறியீட்டை ஒரு மென்பொருளில் போட்டால், ஹைப்பர்த்ரெடிங்கும் கூடுதல் கேஷும் திறக்கும். செல்போன் ரீசார்ஜ் கூப்பன் மாதிரிதான். நான் காசு கொடுத்து வாங்கி என் வீட்டில் வைத்திருக்கும் பொருளுக்குள் இருப்பதையே எனக்கு இரண்டாம் தடவை விற்பதா என்று மக்கள் கொதித்தார்கள். அடுத்த வருடமே திட்டம் மூடப்பட்டது. ஆனால் 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில், பழைய தாளத்தை ஏற்றும் வித்தைக்கும் ஏறக்குறைய கதவு சாத்தப்பட்டது. கம்ப்யூட்டரின் எல்லாப் பாகங்களும் ஒரே தாளத்தில் கட்டப்பட்டதால், அதை ஏற்றினால் எல்லாமே தடுமாறும். ஓவர்கிளாக் செய்ய வேண்டுமா, பெயரில் கே என்ற எழுத்துள்ள விலை கூடிய சிப்பை வாங்கு என்பதுதான் செய்தி.

அப்புறமும் ஒரு வழி கிடைத்தது, எதிர்பாராத இடத்திலிருந்து. டேட்டா சென்டர்கள் பழைய சர்வர்களைக் கழித்துக் கட்டியபோது, ஜியான் ப்ராசஸர்கள் இணையச் சந்தையில் கொட்டின. ஜியான் ஈ5450-உம் கோர் 2 குவாட் கியூ9650-உம் 3 கிகாஹெர்ட்ஸ், நான்கு கோர், 12 மெகாபைட் கேஷ் என்று கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். முன்னதற்கு 771 முனை சாக்கெட், பின்னதற்கு 775. வேலைக்கு இடைஞ்சலாக இருந்த வித்தியாசம், இரண்டு முனைகள் இடம் மாறியிருப்பதுதான். அந்த இரண்டையும் மாற்றி இணைக்கும் ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டி, சாக்கெட்டின் ஓரத்திலுள்ள இரண்டு மேடுகளைப் பிளேடால் சீவினால், சர்வர் சிப் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிடும். பயோஸ் ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து வருடம் பழைய போர்டுகள் இப்படி மறுபிறவி எடுத்தன.

இவ்வளவு வெற்றிக் கதை சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. முடக்கியதைத் திறக்கலாம், ஆனால் இல்லாததை உருவாக்க முடியாது. 2016-இல் நோ மேன்ஸ் ஸ்கை வெளியானபோது ஃபீனம் வைத்திருந்தவர்களுக்கு ஓடவே இல்லை. நான்கு கோரையும் எழுப்பியவர்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள். காரணம் வேகம் இல்லை. எஸ்எஸ்இ4.1 என்ற கட்டளைத் தொகுதி அந்தச் சிப்பில் கிடையாது. விளையாட்டை எழுதியவர்கள் பிறகு திருத்தம் கொடுத்ததால் பிழைத்தார்கள். விண்டோஸ் 11-இன் 2024 பதிப்புக்கு அந்தத் திருத்தமும் இல்லை. பாப்கவுன்ட் என்ற ஒரே ஒரு கட்டளை இல்லாததால், ஸ்டிக்கர் ஒட்டிய அந்த ஈ5450-இல் அது துவங்கவே துவங்காது. 1996-இல் குவேக்கின் முன் 486எஸ்எக்ஸ் நின்ற அதே நிலைமை. மென்பொருள் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது உறுத்துகிறது. நாங்கள் கம்பைலரில் தட்டிவிடும் ஒரு சுவிட்ச், எங்கேயோ ஒரு பையனின் கம்ப்யூட்டரைக் குப்பையாக்கிவிடும்.

"ப்ராசஸரை மட்டும் மாத்தினா போதுமா?" என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. ரிச்சி தெருவில் பழைய ஆபீஸ் பெட்டி வாங்கி வைத்திருப்பவர்கள்தான் அதிகம். வரலாறு சொல்லும் வரிசை இதுதான். முதலில் உங்கள் மதர்போர்டு ஏற்கும் ப்ராசஸர்களின் பட்டியலையும் பயோஸ் பதிப்பையும் பாருங்கள். அடுத்து, நீங்கள் விளையாட நினைக்கும் கேம் கேட்கும் கட்டளைத் தொகுதி அந்தச் சிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கிகாஹெர்ட்ஸும் கோர் எண்ணிக்கையும் அதற்கு அப்புறம்தான். இரண்டில் ஒன்று இடித்தாலும், காசைச் சேர்த்து வைத்து மதர்போர்டோடு மாற்றுவதே லாபம்.

மதர்போர்டோடு மாற்றுவதென்றால், நீண்ட ஆயுள் உள்ள சாக்கெட்டைத் தேடுங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 நல்ல உதாரணம். 2017-இல் முதல் ரைசனுக்காக வாங்கிய போர்டில், 2022-இல் வந்த ரைசன் 5 5600 பயோஸ் புதுப்பித்தலோடு உட்காரும். அதற்கும் முதலில் கம்பெனி மறுத்தது, பயனர்கள் விடாமல் கேட்ட பிறகுதான் சம்மதித்தது. பென்சிலும் டேப்பும் ஸ்டிக்கரும் செய்த வேலையை இந்த முறை கூட்டமாகக் கேட்ட கேள்வி செய்திருக்கிறது.