மங்கிய தந்திகளின் மீதான வேட்கை

பேஸ் கிட்டார் என்பது, வழக்கமான கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும்படி சுருதி கூட்டப்பட்ட நான்கு தந்திகளைக் கொண்ட மின்னிசைக் கருவியாகும். தாளத்துக்கும் பாட்டுக்கும் நடுவே நின்று இரண்டையும் பிணைப்பது அதன் பணி. அதைப் பிழைப்புக்காக அன்றி, வேலை முடிந்த மாலைகளிலும் வார இறுதிகளிலும் தன் மகிழ்ச்சிக்காக வாசிப்பவர்களின் வரலாறு தனியாக எழுதப்படுவது அரிது. ஆனால் அந்தக் கருவியின் மீது இன்று நிலவும் பழமை வேட்கையைப் புரிந்துகொள்ள, புகழ்பெற்ற கலைஞர்களின் வரலாற்றோடு இந்த ஆர்வலர்களின் வரலாற்றையும், குறிப்பாக 1950களின் நடுவில் தொடங்கிய பிரிட்டானிய அனுபவத்தையும், சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் இன்றைய ஆர்வலர்கள் தேடித் தேடிச் சேர்ப்பவற்றில் பெரும்பகுதி, முதல் தலைமுறையினர் வேறு வழியின்றிச் சகித்துக்கொண்ட குறைகளும் ஒட்டுவேலைகளுமே ஆகும்.

பேஸ் கிட்டாருக்கு முன்பு அந்தப் பணியைச் செய்தது டபுள் பேஸ். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் வயலின் குடும்பத்து மரக்கருவியான அது, பித்தளைக் குழல்களும் முரசுகளும் மிகுந்த நடனக் குழுக்களில் காதில் விழாமல் போனதும், அதை ஊர் ஊராகத் தூக்கிச் செல்வது பெரும்பாடாக இருந்ததும், மாற்றுக் கருவிக்கான தேடலைத் தூண்டின. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டுட்மார்க் என்பவர் 1930களின் நடுவிலேயே, கிட்டாரைப் போல் கிடையாகப் பிடித்து வாசிக்கத்தக்க ஒரு மின் பேஸைச் செய்து விற்பனைக்கு வைத்தார்; ஆனால் அது பரவவில்லை. பரவியது, கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பவராக இருந்த லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்'. டபுள் பேஸின் கழுத்தில் சுரத்தானங்களைக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. விரல் எங்கே விழ வேண்டும் என்பதைக் காதும் நீண்ட பயிற்சியுமே சொல்ல வேண்டும். ஃபெண்டரின் கருவியிலோ, வீணையின் மெட்டுகளைப் போல உலோகக் கட்டைகள் கழுத்தின் குறுக்கே பதிக்கப்பட்டிருந்ததால், எளிய பயிற்சி உள்ளவரும் துல்லியமான சுருதியில் வாசிக்க முடிந்தது; துல்லியம் என்னும் பொருள் தரும் பெயர் அதற்கு வந்ததும் அதனால்தான். சுமார் 42 அங்குலமாக இருந்த தந்தியின் நீளமும் 34 அங்குலமாகக் குறைந்தது.

ஃபெண்டர் உருவாக்க நினைத்தது, எடுத்துச் செல்ல எளிதான, கூட்டத்தில் கேட்கக்கூடிய ஒரு டபுள் பேஸை மட்டுமே என்பது இங்கே முக்கியமானது. கருவியோடு வந்த தந்திகள், உள்ளிழையின் மேல் தட்டையான உலோக நாடா சுற்றப்பட்ட வழவழப்பான தந்திகள். அவற்றை இசைக் கலைஞர்கள் ஃபிளாட்வுண்ட் என்பர். தந்திகள் வந்து முடியும் பாலத்தின் மேல் ஓர் உலோக மூடியும், காலப்போக்கில் அந்த மூடிக்குள் தந்திகளை மென்மையாக அழுத்தி அவற்றின் ரீங்காரத்தை அடக்கும் ஒரு பட்டையும் இடம்பெற்றன. வாசிப்பவர் கட்டைவிரலால் மீட்டுவார் என்று எண்ணி, மற்ற விரல்கள் பற்றிக்கொள்வதற்காகத் தந்திகளுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு சிறு கட்டையையும் பொருத்தினார்கள். பஞ்சு வைத்து அடக்கப்பட்ட குறுகிய, இருண்ட, மொத்தென்ற ஒலியே அன்று சரியான பேஸ் ஒலி என்று கருதப்பட்டது.

அந்தக் கருவி பிரிட்டானிய இளைஞர்களின் கைக்கு உடனே வரவில்லை. போருக்குப் பிந்தைய டாலர் பற்றாக்குறையால், அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதியை அந்நாட்டு அரசு 1951 முதல் 1959 வரை கட்டுப்படுத்தி வைத்திருந்தது. அதே காலத்தில்தான் அங்கே ஸ்கிஃபிள் என்னும் எளிய இசைவகை தீப்போலப் பரவியது. லானி டொனகன் 1954இல் பதிவு செய்த 'ராக் ஐலண்ட் லைன்' பாடல் 1956இன் தொடக்கத்தில் விற்பனைப் பட்டியலில் ஏறிய பிறகு, ஒரு மலிவான கிட்டார், துணி துவைக்கும் நெளிபலகை, ஒரு தேயிலைப் பெட்டி ஆகியவை இருந்தால் இசைக்குழு அமைத்துவிடலாம் என்ற நம்பிக்கை ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்களுக்கும் தொழிற்பயிற்சி இளைஞர்களுக்கும் வந்தது. ஒட்டுப்பலகையால் ஆன பெட்டியைக் கவிழ்த்து, அதன் நடுவில் துளையிட்டு ஒரு கயிற்றை முடிந்து, மறுமுனையை ஒரு துடைப்பக் கம்பின் உச்சியில் கட்டி, கம்பைச் சாய்த்தும் நிமிர்த்தியும் கயிற்றின் இறுக்கத்தை மாற்றினால் கீழ்ச்சுரங்கள் ஏறக்குறைய கிடைத்தன. ஜான் லெனனின் பள்ளிக்காலக் குழுவான குவாரிமெனிலும் பேஸ் என்பது தேயிலைப் பெட்டிதான். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தேயிலை நிரப்பிக் கப்பலேற்றப்பட்ட பெட்டிகள் அவை. இலங்கை மலையகத்தின் தமிழ்த் தொழிலாளர் கொய்த இலையைச் சுமந்து சென்ற பலகைகளில் சில, பிரிட்டானிய நகரங்களின் தெருக்களில் தாளமாக ஒலித்தன என்பதைத் தமிழ் வாசகர் மனத்தில் கொள்வது பொருத்தமே.

தேயிலைப் பெட்டியிலிருந்து உண்மையான கருவிக்கு நகர விரும்பியவர்களுக்கு வழி திறந்தது ஜெர்மனி. ஹோஃப்னர் என்னும் குடும்ப நிறுவனம் 1887இல், இன்றைய செக் நாட்டில் உள்ள ஷேன்பாக் ஊரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கிருந்து ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டபோது, வயலின் செய்யும் கைவினைஞர்கள் பெருந்திரளாகப் பவேரியாவின் புபென்ராய்ட் என்னும் சிற்றூரில் குடியமர்த்தப்பட்டார்கள். அகதிகளாக வந்த அந்தக் கைவினைஞர்களின் பட்டறைகளிலிருந்து 1956இல் வெளிவந்த ஹோஃப்னர் 500/1, வயலின் வடிவில், உள்ளீடற்ற உடலோடு, மிகக் குறைந்த எடையில் அமைந்தது. வயலின் செய்யத் தெரிந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த முறையிலேயே மின் பேஸையும் செய்தார்கள். அதன் மரத்தன்மை மிகுந்த, உடனே தேய்ந்து மறையும் ஒலிக்கு அந்த உடலமைப்பு ஒரு முக்கியக் காரணம்.

அந்நாளில் குழுவில் யார் பேஸ் வாசிப்பது என்பது பெரும்பாலும் விருப்பத்தால் முடிவானதில்லை. மூன்று நண்பர்கள் கிட்டாரை எடுத்துக்கொண்ட பின், நான்காமவருக்கு மிஞ்சியது பேஸ். பீட்டில்ஸ் குழுவின் தொடக்க வரலாறே இதற்குச் சான்று. ஓவியக் கல்லூரி மாணவர் ஸ்டூவர்ட் சட்கிளிஃபின் ஓவியம் ஒன்று லிவர்பூலில் நடந்த ஜான் மூர்ஸ் கண்காட்சியின் வழியே 65 பவுண்டுக்கு விற்றபோது, நண்பர்களின் வற்புறுத்தலால் அவர் ஒரு ஹோஃப்னர் பேஸை வாங்கினார். வாசிக்கத் தெரியாமலே குழுவில் சேர்ந்தார். 1961இல் அவர் ஓவியத்துக்குத் திரும்பியபோது, வேறு யாரும் ஏற்க முன்வராத அந்த இடத்தை பால் மெக்கார்ட்னி எடுத்துக்கொண்டு, ஹாம்பர்க் நகரக் கடையொன்றில் ஏறத்தாழ 30 பவுண்டுக்கு ஒரு வயலின் வடிவ ஹோஃப்னரை வாங்கினார். ஃபெண்டர் அவருக்கு எட்டாத விலையில் இருந்தது. அத்துடன், இடக்கையால் வாசிக்கும் அவருக்கு இருபுறமும் ஒத்த வடிவுள்ள கருவி தலைகீழாகத் தோன்றாது என்பதும் ஒரு வசதி. அந்தக் கருவி 1972இல் லண்டனில் ஒரு வண்டியிலிருந்து திருடுபோய், ஆர்வலர்கள் சிலர் மேற்கொண்ட தேடலின் பயனாக மீண்டும் உரியவரிடம் சேர்ந்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானபோது, அது உலகச் செய்தியாயிற்று. பணமின்மையாலும் கைக்கு எட்டியதாலும் வாங்கப்பட்ட ஒரு கருவி அரை நூற்றாண்டுக்குப் பின் அத்தகைய மதிப்பைப் பெற்றது, இந்தப் பழமை வேட்கையின் தன்மையை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் பின்னர் சேர்ந்த பில் வைமன், 1961இல் ஒரு மலிவான பேஸை வாங்கி, அதன் உடலை அறுத்துச் சிறிதாக்கி, தேய்ந்த மெட்டுகளைப் பிடுங்கிப் புதியன பொருத்த எண்ணி, மெட்டில்லாமலே அதன் ஒலி நன்றாயிருக்கக் கண்டு அப்படியே விட்டதும் இதே காலத்துக் கதைதான்.

கற்றுக்கொள்வதும் கடினமாகவே இருந்தது. சிறு ஒலிபெருக்கி கொண்ட வானொலிகளிலும் இசைத்தட்டுப் பெட்டிகளிலும் பேஸ் ஏறக்குறைய கேட்காது. ஒலிநாடாப் பெட்டி வைத்திருந்தவர்கள், பாடலை மெதுவான வேகத்தில் பதிந்து இருமடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பேஸ் வரிசை ஒரு ஸ்தாயி மேலே ஏறித் தெளிவாவதைக் கேட்டுப் பாடம் செய்தார்கள். இந்த உழைப்பு அவர்களின் காதை வேறு விதமாகப் பழக்கியது. பாடகரையும் மெட்டையும் தாண்டி, பாட்டின் அடியில் நகரும் குரலைத் தேடிக் கேட்பவர்களாக அவர்கள் ஆனார்கள்.

அப்படித் தேடிக் கேட்டவர்களுக்கு 1960களில் கிடைத்த பெரும் செல்வம், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்து மோட்டவுன் நிறுவனம் வெளியிட்ட பாடல்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர் இசைத்தட்டு உறைகளில் 1971 வரை இடம்பெறவே இல்லை. பிரிட்டனில் அவர் வாசிப்பை நேசித்தவர்கள், யாருடையது என்று தெரியாமலே அதை நேசித்தார்கள். 1962இல் செய்யப்பட்ட பிரிசிஷன் பேஸில், கனத்த ஃபிளாட்வுண்ட் தந்திகளை மாற்றாமலே வைத்து, தந்திகளைக் கழுத்திலிருந்து உயர்த்தி, வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார் அவர். தந்தி பழையதாக ஆக அதன் மேலொலிகள் மங்கி, அடிச்சுரம் மட்டும் திரண்டு நிற்கும். தந்தியில் படியும் அழுக்குதான் அந்த ஒலியின் உயிர் என்பது அவர் கொள்கை.

நேரெதிரான திசை லண்டனில் தோன்றியது. தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில், கூட்டத்தின் இரைச்சலிலும் தனித்துக் கேட்கும் கூர்மையான ஒலியை விரும்பினார். ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு அவர் இணைந்து செயல்பட்டதன் விளைவாக 1966இல், உருண்டையான கம்பி சுற்றிய, ரவுண்ட்வுண்ட் எனப்படும் எஃகுத் தந்திகள் வந்தன. பியானோவைப் போல ஒலிக்கும் அவற்றின் பளிச்சென்ற தன்மை அடுத்த இருபது ஆண்டுகளின் ரசனையை ஆண்டது. விரல் வியர்வை சுற்றின் இடுக்குகளில் படிந்து அவை விரைவில் மங்கிவிடும் என்பதால், அடிக்கடி புதிய தந்தி வாங்குவது பேஸ் வாசிப்பவரின் நிலையான செலவாயிற்று. பாலத்தின் மூடிகளும் அவற்றுக்குள் இருந்த அடக்கும் பட்டையும் கழற்றி எறியப்பட்டன.

வேட்கை திரும்பிப் பார்க்கத் தொடங்கியதற்கு ஒரு வணிக நிகழ்வும் காரணமாயிற்று. 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு சிபிஎஸ் என்னும் ஒலிபரப்பு நிறுவனத்திடம் விற்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் உற்பத்தி பெருகி, தரம் சரிந்தது என்ற எண்ணம் வாசிப்பவர்களிடையே வலுத்தது; சிபிஎஸ்-க்கு முந்தையது என்னும் அடைமொழியே ஒரு கருவியின் மதிப்பை உயர்த்தும் நிலை வந்தது. இந்த எண்ணம் முழுவதும் நியாயமானது எனச் சொல்ல இயலாது. 1965க்கு முன் செய்தவற்றில் மட்டமானவையும், பின் செய்தவற்றில் சிறந்தவையும் உண்டு. ஆயினும் அந்த வேட்கையின் வலிமையை நிறுவனமே ஏற்றுக்கொண்டது: 1982இல் பழைய வடிவங்களைத் திரும்பவும் செய்யத் தொடங்கியது; 1995இல், வண்ணம் உரிந்து உலோகம் துருவேறியது போலப் புதிய கருவிகளைப் பழையதாகத் தோன்றச் செய்து விற்கும் வரிசையையும் கொண்டுவந்தது. யாரோ ஒருவர் பல்லாண்டு வாசித்துத் தேய்த்த தேய்வைத் தொழிற்சாலையில் உண்டாக்குவது அந்த உழைப்புக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆர்வலர்கள் தாமாகச் செய்தது இதனினும் மதிப்புள்ளது. ஜேமர்சன் 1983இல் பெரும் புகழின்றி மறைந்தார். 1989இல் அவர் வாழ்க்கையையும் வாசிப்பின் சுரக்குறிப்புகளையும் ஒன்றுசேர்த்த நூல் வெளிவந்தபோது, உறையில் பெயரில்லாத குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒரு தலைமுறை அதைக் கையில் எடுத்தது. ஃபிளாட்வுண்ட் தந்தியைத் திரும்ப மாட்டுவதும், பாலத்தடியில் நுரைப்பஞ்சுத் துண்டு ஒன்றைச் செருகுவதும் பொழுதுபோக்கு வாசிப்பாளரிடையே பரவின. பிழைப்புக்காக வாசிப்பவர், அன்றைய ஒலிப்பதிவு கேட்கும் ஒலியைக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கட்டாயம் இல்லாதவரால்தான், சந்தையில் மதிப்பிழந்த ஓர் ஒலியை இருபது, முப்பது ஆண்டுகள் வீட்டு அறையில் வைத்துக் காக்க முடிந்தது.

கழற்றி எறியப்பட்ட மூடிகளின் திருகாணித் துளைகள் மட்டும் பழைய பிரிசிஷன் பேஸ்களில் எஞ்சின. அந்த மூடிகளை இன்று தனியாக விலைக்கு வாங்கி, அதே துளைகளில் திரும்பப் பொருத்துகிறார்கள். விரல்கள் பற்றும் சிறு கட்டை 1974இல் தந்திகளுக்கு மேல்பக்கம் மாற்றப்பட்டதால், அந்தக் கட்டையின் துளைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார்த்துக் கருவியின் வயதைக் கணிக்கவும் கற்றிருக்கிறார்கள்.