இன்ஜினுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்

1984 அக்டோபரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் யமஹா தன் விற்பனையாளர்களைக் கூட்டி ஒரு புதிய பைக்கைக் காட்டியது. அதன் பெயர் வி-மேக்ஸ். பெட்ரோல் டேங்க் இருக்கும் இடத்தில் டேங்க் போன்ற ஒரு மூடிதான் இருந்தது. அதன் அடியில் காற்று வடிகட்டி. மேலே டாக்கோமீட்டரும் வெப்பமானியும். பெட்ரோல் சீட்டுக்கு அடியில் இருந்தது. சீட்டின் பின்புறம் உள்ள திண்டை நிமிர்த்தினால்தான் டேங்க் மூடி கண்ணில் படும். முன் சக்கரத்துக்கும் சீட்டுக்கும் நடுவே எஞ்சிய இடம் முழுக்க இன்ஜின். நான்கு சிலிண்டர்கள், 1198 சிசி, இரு புறமும் பளபளக்கும் அலுமினியக் காற்றுக் கூம்புகள். அந்தக் கூம்புகள் வழியாக இன்ஜினுக்குக் காற்று போவதில்லை. அவை தோற்றத்துக்காக மட்டும் வைக்கப்பட்டவை. பின்னால் 15 அங்குலச் சக்கரத்தில் அந்தக் காலத்துக்கு மிகத் தடிமனான டயர்.

குரூஸர் பைக் என்றால் அதுவரை நிதானத்தின் பெயர். தாழ்ந்த சீட், ஓட்டுபவரை நோக்கி வளைந்து வரும் ஹேண்டில், மெதுவாகத் துடிக்கும் இன்ஜின், நீண்ட நெடுஞ்சாலை. யமஹாவே 1981-இலிருந்து விராகோ என்ற பெயரில் அப்படி ஒரு வண்டியை விற்றுவந்தது. வேகம் வேண்டுமென்றால் அதற்கு ஸ்போர்ட்ஸ் பைக் தனியாக இருந்தது. இந்த இரண்டையும் ஒரே வண்டியில் முடிச்சுப் போடுவது வடிவமைப்பாளர்களுக்குச் சுலபமான வேலை இல்லை. குரூஸரின் நீளமும் தாழ்வும் வளைவுகளில் வண்டியைச் சாய்க்க இடம் தராது. ஆனால் நேர்க்கோட்டில் பாய்வதற்கு அதே நீளமும் தாழ்வும் நல்ல துணை. முன் சக்கரம் எளிதில் தூக்காது, பின் டயர் தரையை விடாது.

அமெரிக்கர்களுக்கு இந்தக் கணக்கு கார்களின் வழியே முன்பே தெரியும். 1964-இல் பான்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுக் காருக்குள் 6.4 லிட்டர் வி8 இன்ஜினை வைத்து ஜிடிஓ என்று விற்றது. மஸில் கார் என்ற சொல் பரவ அந்தக் கார் பெரிய காரணம். கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்பதே அந்தக் கார்களின் மதிப்பெண். யமஹாவின் அமெரிக்கக் கிளையில் புது வண்டிகளைத் திட்டமிடும் பொறுப்பில் இருந்த எட் பர்க் அந்த வி8 காரின் உணர்வை இரண்டு சக்கரத்தில் கேட்டார். ஜப்பானில் அந்தத் திட்டத்தை அகிரா அராகி நடத்தினார்.

காலமும் சாதகமாக இல்லை. 1983 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ரீகன், ஹார்லி-டேவிட்சனின் கோரிக்கையை ஏற்று, 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி பைக்குகளுக்கு 45 சதவீதக் கூடுதல் வரி விதித்தார். ஐந்து ஆண்டுகளில் படிப்படியாகக் குறையும் வரி அது. பல ஜப்பானிய நிறுவனங்கள் தங்கள் 750 சிசி பைக்குகளை 700 சிசிக்குள் சுருக்கித் தப்பித்தன. ஹோண்டா ஒஹையோ மாநிலத்தில் தனக்கிருந்த தொழிற்சாலையைப் பயன்படுத்திக்கொண்டது. 1200 சிசி இன்ஜினை ஜப்பானிலிருந்து கப்பலேற்றும் வண்டிக்கு அந்த வழிகள் இல்லை. அது வரியோடுதான் கடையில் நிற்க வேண்டும். அப்படியிருந்தும் அதைப் பார்த்தவுடன் வாங்கத் தூண்டும் ஒரு காரணத்தை வண்டியே வைத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் காரணத்துக்கு உருவம் கொடுத்தது டோக்கியோவின் ஜிகே வடிவமைப்புக் குழு. அதைத் தொடங்கியவர் கென்ஜி எகுவான். ஹிரோஷிமா அணுகுண்டில் தந்தையையும் தங்கையையும் இழந்து, பௌத்தத் துறவியாகி, பிறகு பொருள்களின் வடிவத்தைத் தன் வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர். சொட்டுச் சிந்தாமல் ஊற்றும் சிவப்பு மூடியுள்ள கிக்கோமன் சோயா சாஸ் குப்பி அவருடைய குழுவின் 1961-ஆம் ஆண்டு வேலை. யமஹாவின் முதல் பைக்கான 1955-இன் ஒய்ஏ-1 முதல் ஜிகேயின் கை அந்த நிறுவனத்தின் வண்டிகளில் பட்டுவந்திருக்கிறது. இன்ஜினை மறைக்காமல், அதையே உடம்பாக்கி மற்றவற்றை அதைச் சுற்றி வைப்பது வி-மேக்ஸில் அவர்கள் செய்த துணிவான முடிவு. அன்று பெரும்பாலான பைக்குகளில் டேங்கின் வளைவே அழகு என்று கொள்ளப்பட்ட நிலையில், டேங்கையே சீட்டுக்கடியில் தள்ளிவிட்டார்கள்.

இன்ஜின் புதிதாக வார்த்ததல்ல. யமஹாவின் வென்ச்சர் என்ற நெடுந்தூரப் பயண வண்டியிலிருந்து எடுத்தது. 70 டிகிரி கோணத்தில் விரிந்த வி4, தண்ணீரால் குளிர்வது. பெரிய வால்வுகள், மாற்றிய கேம்கள், உறுதியான உட்பாகங்கள் என்று அராகியின் குழு அதை மறுபடி கட்டியது. சாந்தமாகச் சுமை இழுத்த இயந்திரம், 76 மி.மீ. போரும் (சிலிண்டரின் விட்டம்) 66 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) அப்படியே இருக்க, சுமார் 145 குதிரைத்திறன் தந்தது. அன்று விற்பனையில் இருந்த பைக்குகளில் இதற்கு இணையானவை மிகக் குறைவு.

அந்தத் திறனில் ஒரு பங்கு வி-பூஸ்ட் என்ற சிறு ஏற்பாட்டிலிருந்து வந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கார்புரேட்டர், மொத்தம் நான்கு. மிகுனி நிறுவனம் செய்தவை. இரண்டிரண்டு கார்புரேட்டர்களை இணைக்கும் குறுக்குக் குழாயில் ஒரு தகடு வால்வ் இருக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்றைத் தாண்டும்போது ஒரு சிறிய மோட்டார் அந்தத் தகட்டை மெல்லத் திறக்கத் தொடங்கும். 8000 சுற்றில் முழுக்கத் திறந்திருக்கும். அப்போது ஒரு சிலிண்டர் உறிஞ்சும் தருணத்தில் பக்கத்து சிலிண்டர் வாய் மூடியிருப்பதால், அதன் கார்புரேட்டரும் இதற்கே வேலை செய்யும். தன் வாய்க்கால் போதாத வயலுக்குப் பக்கத்து வாய்க்காலையும் வெட்டிவிடுவது போன்ற ஏற்பாடு. டர்போ இல்லை, கூடுதல் பெல்ட் இல்லை. சாவியைத் திருப்பும்போது அந்த மோட்டார் தன்னைச் சோதித்துக்கொள்ள ஒருமுறை முழுக்கத் திறந்து மூடும். சீட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய ‘விர்ர்’ சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால், வண்டியை எடுக்கும் முன்பே உரிமையாளருக்குத் தெரிந்துவிடும்: தகடு இறுகிவிட்டது, அல்லது அந்த மோட்டாருக்குப் போகும் கேபிளில் கோளாறு.

ஓட்டினால் 6000 சுற்று வரை அது பலமுள்ள, பணிவான வண்டி. அதற்கு மேல் இழுவை சட்டென்று வேறாகும். அமெரிக்க பைக் இதழ்களின் சோதனைகளில் அது கால் மைலை 11 நொடிக்குள் கடந்தது. ஷாஃப்ட் வழியாகப் பின் சக்கரத்துக்குச் சக்தி போகும், 260 கிலோவை ஒட்டிய எடையுள்ள ஒரு வண்டிக்கு அந்த நேரம் 1985-இல் பெரிய சாதனை.

பிரச்சினை நேர்க்கோடு முடிந்த பிறகுதான் வந்தது. 40 மி.மீ. முன் ஃபோர்க், வலுக் குறைந்த எஃகுச் சட்டம், அந்த எடைக்குப் போதாத பிரேக். அதிவேகத்தில் ஹேண்டில் ஆடத் தொடங்கும் என்பதை ஆரம்பகால உரிமையாளர்கள் எல்லோரும் அறிந்தார்கள். ஒரு வண்டிக்கு இன்ஜின் முதலில், மற்றதெல்லாம் பிறகு என்று முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வி-மேக்ஸ் நேர்மையான சான்று. யமஹா 1993-இல் ஃபோர்க்கை 43 மி.மீ. ஆக்கியது, முன் பிரேக்குக்கு நான்கு பிஸ்டன் காலிப்பர் கொடுத்தது. அதைத் தவிர 2007 வரை, 22 ஆண்டுகள், அடிப்படையில் அதே வண்டிதான் விற்பனையானது. அதே இன்ஜின், அதே கார்புரேட்டர், அதே தோற்றம்.

எல்லா நாடுகளிலும் அந்த 145 குதிரைகள் கிடைக்கவில்லை. பிரான்ஸில் பைக்குகளுக்கு 100 குதிரைத்திறன் வரம்பு இருந்தது. அது 2016-இல்தான் நீங்கியது. ஜெர்மனியில் இறக்குமதியாளர்களே அதே வரம்பை ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆகவே அங்கெல்லாம் வி-பூஸ்ட் இல்லாத, சுமார் 100 குதிரைத்திறன் வண்டி வந்தது. பெயரிலும் உருவத்திலும் அது வி-மேக்ஸ்தான், ஆனால் 6000 சுற்றுக்கு மேல் காத்திருக்கும் அந்த மாற்றம் இல்லை. முழுத் திறன் கொண்ட வண்டியை வட அமெரிக்காவிலிருந்து தனியாக வரவழைத்துக்கொள்ளும் ஆர்வலர்கள் ஐரோப்பாவில் பெருகியது அதனால்தான்.

22 ஆண்டுகள் மாறாத ஒரு வண்டி, பராமரிப்பு அறிவுக்கு நல்ல நிலம். எந்த இடம் முதலில் தேயும், எது வருவதற்கு முன் என்ன சத்தம் கேட்கும் என்பதெல்லாம் உரிமையாளர்களுக்குள் கைமாறிக் கைமாறித் தெளிந்தன. அதை எழுதாமல் இந்த வண்டியின் வரலாறு முழுமையாகாது.

முதலில் கார்புரேட்டர். நான்கும் மேலிருந்து கீழ்நோக்கி இன்ஜினுக்குள் ஊட்டுபவை. சில வாரம் ஓட்டாமல் விட்டால் அவற்றின் கிண்ணங்களில் பெட்ரோல் வற்றிப் பிசினாகும். நூலிழை போன்ற பைலட் ஜெட்டுகள் அடைக்கும். வண்டி ஐடிலில் நின்றுபோகும், தொடக்கத்தில் திக்கும். ஜெட்டைக் கழற்றி ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்வதோடு வேலை முடியாது. நான்கிலும் வாக்குவம் கேஜ்களைச் செருகி, இன்ஜினைச் சூடாக்கி, ஒவ்வொன்றும் ஒரே அளவு உறிஞ்சும்படி திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். ஊசிகள் நான்கும் ஒரே கோட்டுக்கு வரும்போது இன்ஜினின் சத்தத்திலேயே அந்தத் தெளிவு கேட்கும். இதில் பொறுமை இல்லாத மெக்கானிக்கிடம் இந்த வண்டியைக் கொடுக்கக் கூடாது. கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ராமில் ஊசிமுனை அளவு கிழிசல் விழுந்தாலும் அந்தச் சிலிண்டர் சோம்பும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது மின்சாரம். பழைய வயரிங்கில் சில இணைப்புகள் சூடேறி உருகும், சார்ஜிங் நிற்கும். அனுபவசாலிகள் அந்த இணைப்புகளைப் பிரித்து ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். பேட்டரி பலவீனமாக இருக்கும்போது பட்டனை அழுத்தி அழுத்திப் பார்ப்பது ஸ்டார்ட்டர் கிளட்சை உடைக்கும். ‘டங்’ என்ற உலோகச் சத்தம் அதன் அறிகுறி. ஆகவே இந்த வண்டிக்கு நல்ல பேட்டரி ஆடம்பரம் ஆகாது. நெருப்புக் கிளம்பும் வேகத்தில் கிளட்சை விட்டுப் பாய்ந்தவர்களுக்கு ஆரம்ப ஆண்டு வண்டிகளின் இரண்டாம் கியர் வழுக்கத் தொடங்கியது. அதைச் சரிசெய்ய இன்ஜினையே சட்டத்திலிருந்து இறக்க வேண்டும்.

பின் டயர் விரைவில் தேயும், தேய்வது தவிர்க்க முடியாதது. ஆனால் ஒவ்வொரு முறை டயரைக் கழற்றும்போதும் ஷாஃப்ட்டும் சக்கரமும் கோர்க்கும் பற்களைத் துடைத்துக் கிரீஸ் வைக்க வேண்டும் என்பது பலருக்கு மறந்துபோகும். காய்ந்த பற்கள் ஓசையில்லாமல் அரைபடும். ஹேண்டில் ஆட்டத்துக்குப் பல தீர்வுகள் வந்தன: ஃபோர்க்கின் இரு கால்களையும் பிணைக்கும் பட்டை, தரமான டயர், சரியான காற்றழுத்தம். வால்வ் இடைவெளியைச் சரிசெய்ய வெவ்வேறு தடிமனுள்ள ஷிம்களை மாற்ற வேண்டும். வேலை நுணுக்கமானது என்றாலும் அடிக்கடி வருவதில்லை. வென்ச்சரிலிருந்து வந்த உறுதியும் அடக்கமும் அந்த இன்ஜினில் இங்கே தெரியும். ஆயிலையும் கூலன்ட்டையும் நேரத்துக்கு மாற்றினால் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடும் வி-மேக்ஸ்கள் உண்டு.

மற்ற நிறுவனங்கள் இதற்குப் பதில் சொல்ல நெடுநாள் எடுத்துக்கொண்டன. எந்த நிறுவனத்துக்காக அமெரிக்கா வரி போட்டதோ அந்த ஹார்லியே 2001-இல் வி-ராட் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. போர்ஷே பொறியாளர்களின் துணையோடு செய்த 1131 சிசி ரெவல்யூஷன் இன்ஜின், தண்ணீர்க் குளிர்ச்சி, சீட்டுக்கடியில் பெட்ரோல், டேங்க் இடத்தில் காற்றுப் பெட்டி. ட்ரையம்ஃப் 2004-இல் 2294 சிசி மூன்று சிலிண்டர் ராக்கெட் III-ஐ இறக்கியது. 2006-இல் சுஸுகியின் பதில் 1783 சிசி எம்1800ஆர். அதன் ஒரு பிஸ்டனின் விட்டம் 112 மி.மீ. டுகாட்டி 2010 நவம்பரில் மிலான் கண்காட்சியில் காட்டிய டியாவெல் வேறு பாதையில் போனது. 240 மி.மீ. அகலப் பின் டயர், 162 குதிரைத்திறன் இருந்தும் எண்ணெய், பெட்ரோல் இல்லாமல் 210 கிலோதான். இந்தக் குடும்பத்தில் வளைவுகளில் மனதாரத் திரும்பிய முதல் வண்டி என்று அதைச் சொல்வது மிகையாகாது.

யமஹா தன் இரண்டாவது வி-மேக்ஸை 2008-இல் அறிமுகப்படுத்தியது. 1679 சிசி, 200 பிஎஸ், அலுமினியச் சட்டம், முன்னும் பின்னும் 18 அங்குலச் சக்கரம். போர் 90 மி.மீ. ஆனது, ஸ்ட்ரோக் பழைய 66 மி.மீ. தான். கார்புரேட்டர் போய், கையின் திருப்பத்தைக் கணினி படித்துக் காற்றை அளக்கும் முறை வந்தது. வி-பூஸ்ட் தகடும் போய்விட்டது. காற்றுக் குழாயின் நீளத்தையே ஓட்டத்துக்கேற்ப மாற்றும் ஏற்பாடு அதன் இடத்தை எடுத்தது. வேகத்திலும் கட்டுப்பாட்டிலும் பழைய வண்டி இதன் பக்கத்தில் நிற்க முடியாது. இருந்தும் 310 கிலோ எடையும் ஐரோப்பாவின் புகை விதிகளும் சேர்ந்து அதன் சந்தையைச் சுருக்கின. 2020-ஓடு அது தயாரிப்பிலிருந்து நின்றது.

கணினி வைத்த அந்த வண்டிக்குக் கோளாறு வந்தால் முதலில் கருவியைச் செருகிக் குறியீட்டைப் படிக்கிறார்கள். 1985-இன் வண்டியை இன்றும் ஓட்டுபவர்களுக்கு அந்த வசதி இல்லை. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் பாகங்களைச் சிதைக்கும் என்பதால், குளிர்காலத்துக்கு வண்டியை மூடிவைக்கும் முன் நான்கு கிண்ணங்களையும் வடித்துவிடும் வழக்கம் அவர்களிடம் இருக்கிறது.