கண்ணுக்கு உருவம், பெட்டிக்கு எழுத்து

மதுரைக்கு வடகிழக்கே, பெரியாற்றுக் கால்வாய் பாய்ந்து நெல் விளைகிற மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில், 2001-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினரும் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய அமெரிக்கக் கலாசாலைகளைச் சேர்ந்தவர்களும் கூடி இன்டர்நெட் கியோஸ்க்குகளைத் திறக்கத் தொடங்கியபோது, அவர்கள் கைவசம் இருந்தது வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் மட்டுமே கொண்டுபோகவல்ல கார்டெக்ட் என்னும் கம்பியில்லாச் சாதனந்தான். ஒற்றையடிப் பாதை போன்ற அந்த வழியாகவே கிராமத்தார் நோய் கண்ட பயிரின் படத்தை மதுரை வேளாண்மைக் கல்லூரிக்கும், சிவந்து கலங்கிய கண்ணின் படத்தை அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் அனுப்பினார்கள்.

டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் ஆரம்பித்த அந்த மருத்துவமனை, அசையாப் படத்தோடு திருப்தி கொள்ளவில்லை. நோயாளி தம் ஊரிலேயே அமர்ந்திருக்க, டாக்டர் நகரத்திலிருந்து அவர் கண்ணைப் பார்த்து, இரண்டு வார்த்தை பேசவும் வேண்டும் என்ற நோக்கத்தோடு, முன்னாளில் மதுரை ஜில்லாவில் அடங்கியிருந்த தேனிப் பக்கத்தில், போடி, சின்னமனூர் முதலிய ஊர்களில் பார்வை மையங்கள் எழுந்தன. இவற்றைத் தேனி மருத்துவமனையோடு இணைக்கக் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையார், வீட்டுக்குள் உபயோகிக்கிற வைஃபையையே கோபுரத்தின் மீதேற்றிப் பல கிலோமீட்டர் தூரம் பாயச் செய்தார்கள். ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்காகச் சற்றே காத்திருந்து, அது தாமதித்தால் பழுதென்று முடிவு கட்டுகிற வைஃபையின் அவசரக் குணத்தை மாற்றி, இன்னாருக்கு இன்ன நேரம் என்று முறை வகுத்தது அவர்களுடைய முக்கியமான யுக்தி.

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த சங்கதி. கோபுரத்தின் மேலிருக்கும் ரவுட்டர்ப் பெட்டியில் கோளாறு நேர்ந்தால், அதைப் பெர்க்லியிலிருந்து எப்படித் தொட்டுப் பார்ப்பது? தூரத்துக் கணினியை ஆளும் மென்பொருளுக்கு அந்நாளில் பஞ்சமில்லை. கேம்பிரிட்ஜில் ஆலிவெட்டி ஆராய்ச்சிக்கூடத்தார் உண்டாக்கிய வி.என்.சி., திரையின் உருவத்தையே துண்டு துண்டாக அனுப்பிக் காட்டியது. மைக்ரோசாஃப்டின் டெர்மினல் சர்வரும் 1998-லேயே வந்துவிட்டது. கோபுரத்துப் பெட்டிக்கோ திரையென்று ஒன்று கிடையாது. ஆகவே 1995-இல் பின்லாந்துக்காரரான டாட்டு இலோனன், கடவுச்சொற்கள் வழியில் களவு போவதைக் கண்டு இயற்றிய எஸ்.எஸ்.எச். என்னும் வெறும் எழுத்து வழியே உகந்ததாயிற்று. கண்ணின் உருவத்தைச் சுமப்பதற்கென்றே பிறந்த ஒரு பாதை, உருவமே இல்லாத வரிகளால் பராமரிக்கப்பட்டதை நான் இந்தச் சரித்திரத்தின் ருசிகரமான பகுதியாகக் கருதுகிறேன்.

ஆனால் தட்டுவதற்கு வாசல் வேண்டாமா? தேனியின் இணைப்புக்கு வெளியிலிருந்து அழைக்கத்தக்க தனி விலாசம் இல்லாமையால், பெட்டியே அமெரிக்காவிலுள்ள கணினியைத் தானாக அழைத்துத் தன் நிலைமையைத் தெரிவிக்கவும், பெட்டி திறந்து வைத்த சுரங்கத்தின் வழியே பெர்க்லியார் எதிர்த்திசையில் உள்ளே நுழையவும் ஏற்பாடு செய்தார்கள். ஊருக்குப் போன பிள்ளை தானே போன் பண்ணிச் சுகம் சொல்கிற வழக்கம்! நானும் ஒரு தடவை தூரத்து சர்வரில் தவறான ஒரு வரியைத் தட்டி, நான் நுழைந்த வாசலையே அடைத்துவிட்டு, அதைத் திறப்பதற்கென்று இரவு பஸ் ஏறியிருக்கிறேன். அதனாலேயோ என்னவோ, இந்த ஏற்பாட்டின் அருமை எனக்குச் சட்டென்று புரிந்தது.

இவ்வளவும் மின்சாரம் ஒழுங்காக இருக்கும் வரைக்குந்தான். அவர்கள் கண்ட பழுதுகளில் பெரும்பாலானவை மின்சாரத்தால் வந்தவை. கரண்டு அடியோடு நின்றாலாவது ஒரு தெளிவு உண்டு. வோல்டேஜ் தாழ்ந்து தடுமாறுகையில் பெட்டி முழுதும் எழவும் மாட்டாமல், அணையவும் மாட்டாமல், பாதி மயக்கத்தில் தொங்கியது. எழுதிக் கொண்டிருக்கும்போதே கரண்டு போய் நினைவட்டை சிதைந்ததும் உண்டு. அந்நிலையில் எந்த மென்பொருளும் உதவாது. ஆகவே அட்டையைப் படிக்க மட்டும் கூடியதாக மாற்றினார்கள். வோல்டேஜ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் இணைப்பை அறுத்து, ஏறிய பின் மறுபடி சேர்க்கிற சிறியதொரு சர்க்யூட்டையும் பெட்டிக்கு முன்னால் வைத்தார்கள். அதன் பிறகு, தடுமாறும் கரண்டில் பாதி மயங்கிக் கிடக்காமல், பெட்டி முழுதாக அணைந்து முழுதாக எழுந்தது. எழுந்ததும் கடல் கடந்து தன்னை விசாரிப்பவர்களைத் தானே அழைத்தது.