ரவுட்டர் போக்குவரத்துக் கண்காணிப்பு: பிழைகளும் பாதுகாப்பும்

அலுவலகத்திலோ கல்லூரியிலோ இணையம் மெதுவானால் முதலில் எழும் கேள்வி, இணைப்பு நிரம்பிவிட்டதா, பழுதாகிவிட்டதா என்பதுதான். இதற்கு விடை தருவதே போக்குவரத்துக் கண்காணிப்பு. 1994-ல் டோபியஸ் ஓட்டிக்கர் என்பவர், தாம் பணியாற்றிய இடத்திலிருந்த ஒரே ஒரு 64 கிலோபிட் இணைப்பின் நிலையை அனைவரும் பார்ப்பதற்காக ஒரு சிறு நிரல் எழுதினார். அதுவே வளர்ந்து 1995-ல் எம்.ஆர்.டி.ஜி. என்ற பெயரில் வெளியானது.

எப்படி இயங்குகிறது?

ரவுட்டர் தன் ஒவ்வொரு போர்ட்டிலும் வந்த, சென்ற பைட்டுகளை எண்ணிக்கொண்டே இருக்கும். எம்.ஆர்.டி.ஜி. வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்.என்.எம்.பி. நெறிமுறை வழியாக அந்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்கும். முந்தைய எண்ணிக்கையை அதிலிருந்து கழித்து, இடைப்பட்ட விநாடிகளால் வகுத்து வரைபடமாக்கும்.

வழக்கமான பிழைகள்

1. பதிலே வரவில்லை. பிங் செய்தால் ரவுட்டர் பதில் தருகிறது, எஸ்.என்.எம்.பி.க்கு மட்டும் பதில் இல்லை என்றால், முதலில் 'கம்யூனிட்டி' எனப்படும் கடவுச்சொல்லைச் சரிபாருங்கள். அது தவறாக இருந்தால் ரவுட்டர் கேட்டவரிடம் 'தவறு' என்று சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். அடுத்து, வழியில் உள்ள ஃபயர்வால் யு.டி.பி. 161-ஐத் தடுக்கிறதா என்று பாருங்கள்.

2. வரைபடம் குறைத்துக் காட்டுகிறது. பழைய 32 பிட் எண்ணி 429 கோடி பைட்டுகளைத் தாண்டியதும் மீண்டும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். 100 மெகாபிட் வேகத்தில் இதற்கு 5 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும். 1 கிகாபிட் வேகத்தில் 34 விநாடிகளே போதும். 5 நிமிட இடைவெளியில் இது பலமுறை நடந்துவிடுவதால் கணக்கு பொய்யாகும். பதிப்பு 2சி-க்கு மாறி 64 பிட் எண்ணியைப் பயன்படுத்துவதே தீர்வு.

3. வேறு போர்ட்டின் வரைபடம் வருகிறது. ரவுட்டரை மறுபடி இயக்கிய பின் போர்ட்டுகளின் வரிசை எண் மாறியிருக்கலாம். எண்ணுக்குப் பதிலாகப் போர்ட்டின் பெயரைக் கொண்டு அமைத்தால் இந்தக் குழப்பம் வராது.

பாதுகாப்பு

பல கருவிகளில் 'பப்ளிக்', 'பிரைவேட்' என்பவையே ஆரம்பக் கடவுச்சொற்கள். பதிப்பு 1, 2சி இரண்டிலும் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே பயணிக்கும். எழுதும் உரிமையுள்ள சொல் பிறர் கையில் கிடைத்தால், அவர் ரவுட்டரின் அமைப்பையே மாற்றிவிட முடியும். எனவே:

- ஆரம்பக் கடவுச்சொற்களை நீக்குங்கள்; படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள்.
- கண்காணிக்கும் கணினியின் ஐ.பி. முகவரிக்கு மட்டும் அனுமதி தாருங்கள்.
- இணையத்தின் பக்கமிருந்து 161-ஐ மூடுங்கள். திறந்திருந்தால் பிறர்மீது தாக்குதல் நடத்தவும் உங்கள் ரவுட்டர் கருவியாகும்.
- வசதியிருந்தால் பதிப்பு 3-ஐ, அடையாளச் சரிபார்ப்பு, குறியாக்கம் இரண்டையும் இயக்கிப் பயன்படுத்துங்கள்.
- வரைபடப் பக்கத்துக்கும் கடவுச்சொல் போடுங்கள். எந்த நேரத்தில் அலுவலகம் வெறிச்சோடிக் கிடக்கிறது என்பதை அந்த வரைபடமே அந்நியருக்குச் சொல்லிவிடும்.