எட்டு மணி நேரம்... எட்டாத வீடு!

சென்னை - சேலம் சாலையில் போனவர்கள் அந்தக் காட்சியை ஒரு முறையாவது பார்த்திருப்பீர்கள். டயர்கள், இன்ஜின், நீளமான இரும்புச் சட்டம், ஒரு ஸ்டீயரிங். அவ்வளவுதான். கதவு கிடையாது, கூரை கிடையாது. முகத்தைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, எதிர்க்காற்றில் ஒருவர் ஓட்டிப்போவார். பாடி கட்டாத லாரி சேஸிஸ் அது. 'எங்கேண்ணே போகுது?' என்று கேட்டால், பாதிப் பேர் சொல்கிற ஊர் நாமக்கல்.

எலும்புக்கூடாக ஊருக்குள் நுழைகிற வண்டி, மரமும் தகரமும் பெயின்ட்டும் ஏறி, எலுமிச்சம்பழம் மிளகாய் கட்டி, முழு லாரியாக வெளியே வரும். வண்டிக்கு உடம்பு கட்டிக் கொடுத்த ஊர் அது. சரி, அந்த வண்டியை ஓட்டியவரின் வீடு என்ன ஆனது?

முதலில் கொஞ்சம் பழைய கதை.

1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1954-ல், ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் ஜெர்மனியின் பென்ஸோடு கைகோத்து லாரி தயாரிக்க ஆரம்பித்திருந்தது. உள்நாட்டிலேயே லாரி கிடைக்கத் தொடங்கிய காலம். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் ஒரு தாலுகா. வானம் பார்த்த பூமி. மழை வந்தால் வெள்ளாமை, வராவிட்டால் கடன். ஆனால், ஊர் வழியாக ஒரு சாலை போனது. கன்னியாகுமரியில் தொடங்கி பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர் என்று வாரணாசி வரை நீண்ட பழைய என்.எச். 7. வானத்தை நம்பி ஏமாந்தவர்கள், அந்தச் சாலையை நம்பினார்கள்.

வழி எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் கிளீனர். டயருக்குக் கட்டை வைத்து, தார்ப்பாய் கட்டி, சமைத்துப் போட்டு வேலை பழகணும். அப்புறம் டிரைவர். படிக்காசை மிச்சம் பிடித்து, மனைவியின் நகையை விற்று, மச்சானைப் பங்கு சேர்த்து, மிச்சத்துக்கு ஃபைனான்ஸ் வாங்கினால்... ஓனர்! பெரிய முதலாளிகள் இல்லாமல், ஒரு வண்டி, இரண்டு வண்டிக்காரர்களால் வளர்ந்த தொழில் அது. நாமக்கல் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம்.

வினையும் அங்கேதான் இருந்தது!

1961-ல் நாடாளுமன்றம் 'மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்' கொண்டுவந்தது. அருமையான சட்டம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. நீண்ட தூர வண்டி என்றால் அரசு அனுமதியோடு பத்து மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. படித்தால் மனசு குளிர்ந்துவிடும். ஆனால், யாருக்கு அது பொருந்தும்? ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை செய்கிற நிறுவனங்களுக்கு மட்டும்!

விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். இரண்டு லாரி வைத்திருக்கிறார் ஒருவர். வண்டிக்கு ஒரு டிரைவர், ஒரு கிளீனர். மொத்தம் நாலு பேர். சட்டம் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடும். சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவரோ கணக்கிலேயே வர மாட்டார். உழைத்து முன்னேறி ஓனரான பெருமைக்காரருக்கும் அவரிடம் வேலை பார்த்தவருக்கும் சேர்ந்து கிடைக்காமல் போனது அந்த எட்டு மணி நேரம்.

1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகள் இன்னொரு கதவைத் திறந்தன. நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும், மாற்று டிரைவர் காலை நீட்டிப் படுக்க நீள இருக்கை வேண்டும் என்றன. நல்ல யோசனை. கவனித்தீர்களா? தூக்கத்துக்கு இடம் ஒதுக்கினார்கள், அதுவும் வண்டிக்குள்ளேயே. வீட்டுக்குப் போகிற நாளை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த இரண்டாவது டிரைவரும் இப்போது கட்டாயமில்லை. 2018-ல் விதியையே எடுத்துவிட்டார்கள்.

வடக்கே லோடு இறக்கினால் காலி வண்டியாகத் திரும்ப முடியாது. ரிட்டர்ன் லோடுக்காக லாரி ஆபீஸ் வாசலில் காத்துக்கிடக்கணும். கிடைத்த லோடு ஊர்ப்பக்கம் போகிறதா, குஜராத் போகிறதா என்பது அவர் கையில் இல்லை. தவணைத் தேதி மட்டும் தவறாமல் வரும். 'பத்து நாள்ல வந்துருவேன்' என்று கிளம்பியவர், ஒரு மாதம் கழித்துத் தாடியோடு வந்து நிற்பார்.

ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "எம் பொண்ணுக்கு எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊருன்னு அத்துப்படிங்க. ஹைதராபாத்து, நாக்பூரு, ஜபல்பூருன்னு கடகடன்னு சொல்லும். நான் வாசல்ல வந்து நின்னா மட்டும் அவங்கம்மா சேலைக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்குமுங்க."

அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள். பிரசவம், காதுகுத்து, பள்ளிக்கூடக் கையெழுத்து, மாமனார் வைத்தியம், ஃபைனான்ஸ்காரருக்குப் பதில்... எல்லாம் ஒற்றை ஆளாக! செல்போன் வராத காலத்தில், பக்கத்து வீட்டு போனுக்கோ, எஸ்.டி.டி. பூத்துக்கோ எப்போதாவது வருகிற ஒரு அழைப்புதான் உறவு. லாரித் தொழிலில் முதல் போட்டவர்கள் பட்டியலில் இந்தப் பெண்களின் பெயர் எங்கும் இல்லை.

அவர்களை அரசாங்கம் முதன்முதலாக எண்ணிப் பார்த்தது, ஒரு கொடுமையான காரணத்துக்காக.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். அடுத்த பத்து வருடங்களில் அது நெடுஞ்சாலைகளில் பயணம் செய்தது. மாதக்கணக்கில் வீடு பார்க்காத ஆண்கள், சாலையோரத்தில் வறுமையால் நிற்கிற பெண்கள்... நோய்க்கு வேறென்ன வேண்டும்? லாரி டிரைவர்களுக்கான விழிப்பு உணர்வுப் பிரசாரம் 1990-களின் நடுவில் வேகம் பிடித்தது. அதேசமயம், நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிய அரசு ஒரு வழி வைத்திருந்தது. பிரசவத்துக்குப் பதிவு செய்ய வருகிற கர்ப்பிணிகளின் ரத்தத்தைப் பெயர் குறிக்காமல் பரிசோதிப்பது. அந்தக் கணக்கில், தமிழகத்தில் தொற்று அதிகமுள்ள மாவட்டங்களில் ஒன்றாக நாமக்கல் நின்றது.

கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். சாலையில் பரவிய நோயை, சாலையையே பார்க்காத பெண்களின் ரத்தத்தில் எண்ணினார்கள்.

அந்தப் பெண்களில் ஒருவர் பேசினார். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி. இளம் வயதில் லாரி டிரைவருக்குக் கல்யாணம் செய்து கொடுக்கப்பட்டவர். கணவர் மூலம் தொற்று வந்தது. ஒடுங்கிப்போகாமல், 1998-ல் தன்னைப் போன்ற சில பெண்களோடு சேர்ந்து 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினார். முகம் காட்டி, பெயர் சொல்லி, மருந்து கேட்டார். மரியாதையும் கேட்டார். அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தருவது 2004 ஏப்ரலில் தொடங்கியது. சென்னை தாம்பரம் மருத்துவமனையும் அந்த முதல் பட்டியலில் இருந்தது. தொற்று பின்னர் வெகுவாகக் குறைந்தது.

ஆனால், ஊர் வாய்க்குக் கிடைத்தது என்னவோ 'லாரிக்காரனா? பொண்ணு தர மாட்டோம்' என்ற ஒரு வரிதான். ஒழுக்கமாக வாழ்ந்து, தூக்கத்தைத் தொலைத்து, குடும்பத்தைக் கரையேற்றிய ஆயிரக்கணக்கான டிரைவர்களுக்கும் சேர்த்து விழுந்த பழி அது. மாதக்கணக்கில் ஒரு மனுஷனை வீட்டுக்கு விடாத தொழில்முறையைப் பற்றி யாரும் பேசவில்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. சாலை நாலு வழியாகிவிட்டது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லை வரிச் சோதனைச் சாவடிகள் போயின. 2025 அக்டோபர் முதல் தயாராகிற புது லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். வீடியோ காலில் குழந்தை முகம் தெரிகிறது. அந்த 1961 சட்டமும் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. எல்லாம் சரி. ஆனால், டிரைவர் கிடைக்கவில்லை என்று ஓனர்கள் புலம்புகிறார்களே, ஏன்?

அந்த ஓய்வுபெற்ற டிரைவரிடம் அதையும் கேட்டேன். மகனை இந்தத் தொழிலுக்கு ஏன் அனுப்பவில்லை? சம்பளம் குறைவா, ரிஸ்க் அதிகமா?

"அதெல்லாம் எந்த வேலையிலயும் இருக்குதுங்க" என்றார். "அவனுக்கு ஒரு பொண்ணு பொறந்திருக்குதுங்க. அதுனாச்சும் அப்பன் மூஞ்சியப் பார்த்து வளரட்டுமே!"